ஆதிலட்சுமியின் நாலு இன்ச் பைப்பு

ஆதிலட்சுமி எழுதச் சொல்லும் மனுவில் முதல் வரி எப்போதும் வசவாகத்தான் இருக்கும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று நான் எழுதி முடிப்பதற்குள் அந்த ஐயாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போட்டுவிடுவாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அக்கா, திட்டறதுன்னா உள்ள போயி நேர்ல திட்டு. பேப்பர்ல திட்டினா என்னைத்தான் புடிப்பாங்க" என்பேன். "நீயும் அவங்க ஆளுதான்டி" என்று எனக்கும் இரண்டு கிடைக்கும்.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாகப் பிளாஸ்டிக் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவள் நான். பேர் சரசு. பத்தொன்பது வருஷமாக இதே தொழில். திங்கட்கிழமை குறைதீர்வு நாள் என்றால் ஏழு மணிக்கே மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டான். எல்லோரும் பாதி உண்மைதான் சொல்வார்கள். மீதிப் பாதியைக் கறப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஜனங்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் அவர்கள் பொய்யைக் கேட்டவளுக்குப் பிரியம் எங்கிருந்து வரும்?

அதிலும் ஆதிலட்சுமி மேல் சுத்தமாகக் கிடையாது.

கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் ஒரு கிராமம். ஊர்ப் பேரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் வந்து என் மேசையைக் கவிழ்ப்பார்கள், அதனால் வேண்டாம். ஐம்பத்தெட்டு வயது. ஈர்க்குச்சி உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். புருஷன் தசரதன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பூஜா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அம்மாவை வந்து கூட இருக்கச் சொல்லி இரண்டு தடவை கூட்டிப்போனாள். இரண்டு தடவையும் அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆதிலட்சுமி திரும்பிவிட்டாள்.

அவளுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். அதில் வருஷம் முழுக்க வேர்க்கடலை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இரண்டு மூட்டை மல்லாட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து கிரிவலப் பாதையில், செங்கம் ரோடு பக்கம் உட்கார்ந்து விற்பாள். ஊரே சாமி பேரைச் சொல்லிக்கொண்டு நடக்கும்போது இவள் மட்டும், "தொட்டுப் பாத்தா வாங்கணும். வாங்காதவன் தொடாத" என்று கத்திக்கொண்டிருப்பாள். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரி கைகூப்பி, சிரித்துக்கொண்டே ஒரு கடலையை எடுத்து மென்றபோது, "சிரிச்சா காசு வேணாமா?" என்று கேட்டதை நானே பார்த்தேன். அவளும் ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

இத்தனை வாயும் அந்த ஒன்றரை ஏக்கர் இருக்கிற தைரியத்தில்தான். நிலம் வற்றிப்போனால் அந்த வாட்ச்மேன் இருக்கிற மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

நிலம் ரோட்டுக்கு மேற்கே. கிணறு ரோட்டுக்குக் கிழக்கே. மாமனார் முருகையன் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்தார். கிணற்றோடு ஒட்டிய நிலம் சின்னவன் முருகவேலுக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவன் தசரதனுக்கு, கிணற்றில் ஆளுக்குப் பாதி. தண்ணீர் ரோட்டைத் தாண்ட வேண்டுமே? ஒரு முறை ரோட்டைக் கொத்திப் போட்டு ஜல்லி கொட்டாமல் வைத்திருந்த சமயம், கிழவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளம் எடுத்து, நாலு இன்ச் பைப்பைப் புதைத்து மூடிவிட்டார். யாரையும் கேட்கவில்லை, எங்கும் எழுதவில்லை. அடுத்த வாரம் மேலே தார் ஊற்றிவிட்டார்கள். முப்பது வருஷமாக அந்தப் பைப்பு வழியாகத்தான் மேற்கே தண்ணீர் போகிறது.

பங்குக் கிணறு என்றால் முறை உண்டு. இன்றைக்குச் சூரியன் கிளம்பினால் நாளைக்குச் சூரியன் கிளம்புகிற வரை ஒருத்தர், அதற்குப் பிறகு அடுத்தவர். இந்த இருவரும் பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் ஒரே மோட்டாரை ஓட்டினார்கள். முறை முடிந்தவர் மோட்டார் கொட்டகைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கிடையாது. மோட்டார் எரிந்துபோனால் மெக்கானிக் அர்ஜுனன் இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை போவான். "உங்க ரெண்டு பேருக்கும் தூது போயே எனக்கு செருப்பு தேஞ்சிடுச்சி" என்று அவன் இங்கே டீக்கடையில் புலம்புவான்.

பகை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தசரதனுக்குச் சிறுநீரகம் கெட்டு வேலூரில் சேர்த்திருந்தபோது ஆதிலட்சுமி மூன்று வாரம் கூடவே கிடந்தாள். அந்த மூன்று வாரமும் முருகவேல் அவளுடைய முறையிலும் சேர்த்துத் தன் நெல்லுக்கே தண்ணீர் விட்டுக்கொண்டார். கேட்டால், ஆள் இல்லாத முறை வீணாகத்தானே போகும் என்பது அவர் கணக்கு. அண்ணன் பயிருக்கு ஒரு மடை திருப்பிவிட அவருக்கு மனசு வரவில்லை. தப்புதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. தசரதன் பிணமாக வந்தார், பயிர் சருகாக நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஆதிலட்சுமி நேராக முருகவேல் வாசலுக்குப் போனாள். இரண்டு கையிலும் மண்ணை வாரி, "என் பயிர காய வெச்ச மாதிரி உன் குலம் காயட்டும்" என்று தூற்றிவிட்டு வந்தாள்.

எட்டு மாதத்தில் முருகவேலின் மகன் கோபி செத்துப்போனான். இருபத்தொரு வயது. அதே ரோட்டில், புளியமரத்து வளைவில், பைக்கில் வந்தவனை லாரி அடித்தது. மண் பலித்துவிட்டது என்று ஊர் பேசியது. ஆதிலட்சுமி சாவுக்குப் போகவில்லை. "பழி என் மேல வந்தா வரட்டும், நான் யாருக்கும் பயந்தவ இல்ல" என்று தெருவில் நின்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய வாய் இந்த அளவுக்கு நீண்டது என்று அர்ஜுனன் சொல்வான்.

ரோடு விஷயத்துக்கு வருகிறேன்.

கோயில் ஊர் பெருத்துவிட்டது. சனி ஞாயிறு வந்தால் சென்னை, புதுச்சேரி வண்டிகள் அந்த இரண்டு வழி ரோட்டில் எறும்புச் சாரையாக நிற்கும். நெல் விளைந்த இடத்தில் எல்லாம் வளைவு கட்டி, கலர் கொடி நட்டு, ஏதோ ஒரு நகர் என்று பேர் எழுதிவிட்டார்கள். ரோட்டை நாலு வழியாக்கி நடுவில் சுவர் வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஒரு நாள் ஆரஞ்சு சட்டை போட்ட மூன்று பேர் ஜீப்பில் வந்து, மூன்று கால் கருவியை நட்டு அளந்தார்கள்.

அந்த நாளில் ஆதிலட்சுமி செய்த காரியத்தை இந்த மாவட்டத்துக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். ஜீப்பைப் பார்த்ததும் அவள் கரண்டு ஆபீஸ்காரர்கள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம். அது கிணறு இருக்கிற நிலத்துக்கு மட்டும்தான், ரோடு தாண்டி வேறு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனால் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. உடனே களத்தில் கிடந்த மல்லாட்டைக் கொடியை வாரிவந்து பைப்பின் வாயில் குவித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். "ஏம்மா, ரோட்டுக்கு அடியில பைப்பு, கேபிள் எதனா போவுதா? சொன்னீங்கன்னா குறிச்சிக்குவோம்."

"பைப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மானம் பாத்த பூமி. வேலயப் பாத்துக்கினு போ."

மழையை நம்பிய நிலம் என்று அவர்களும் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சாயந்திரம் ஆதிலட்சுமி ஊர் முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, போன ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜேசிபி வந்து ரோட்டோரத்தைத் தோண்டியது. முப்பது வருஷத்துப் பைப்பு நாலு துண்டாக மேலே வந்தது. அன்றைக்கு ஆதிலட்சுமியின் முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கப் பள்ளத்தில் கொட்டியது. மேற்கே ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரம். அந்தச் சமயம் ஈரம் இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

அவள் போய் ஜேசிபிக்கு முன்னால் படுத்துவிட்டாள். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தான். கொஞ்ச நேரத்தில் பொறியாளர் வந்தார். அறிவுமதி என்று சின்ன வயசுப் பெண், தலையில் மஞ்சள் தொப்பி. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"ரெக்கார்டுல மானாவாரின்னு இருக்குது. பைப்பே இல்லன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இப்ப வந்து படுத்தா எப்படிம்மா?"

"நான் உன்கிட்டயா சொன்னேன்?"

"யார்கிட்ட சொன்னா என்னங்க? எழுந்திருங்க மொதல்ல. வியாழக்கிழமை இந்த எடத்துல கிராவல் கொட்டி உருட்டிடுவோம். அதுக்கப்புறம் குறுக்க வெட்ட நான் நெனச்சாலும் முடியாது." பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "கெணறு கூட்டுப் பட்டாவா? சரி. இந்த மாதிரி பைப்பு இருந்துச்சி, அந்த நெலத்துக்குத் தண்ணி குடுக்க எங்களுக்குச் சம்மதம்னு பங்குதாரர் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு கடிதம் குடுங்க. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். பெரிய குழாய் ஒண்ணு குறுக்க வெச்சு விடறேன். உங்க பைப்ப அதுக்குள்ள விட்டுக்கலாம்" என்றாராம்.

நியாயமான பேச்சு. ஆனால் பங்குதாரர் இரண்டாவது ஆள் முருகவேல்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஆதிலட்சுமி என் மேசைக்கு வந்துவிட்டாள். இத்தனை கதையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள், நடுநடுவே எல்லோரையும் திட்டிக்கொண்டு. நான் கடிதத்தை எழுதினேன். கீழே இருவர் பெயரையும் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டேன். அவள் தன் பேருக்கு நேரே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அவன் பேர்ல நீ போட்டுடு."

"என்னாக்கா சொல்ற?"

"நீதான் நல்லா எழுதுவியே. முருகவேலுன்னு ஒரு கிறுக்கு கிறுக்கு. எவன் வந்து பாக்கப் போறான்?"

எனக்கு வந்த கோபத்தில் மேசை ஆடிப்போனது. "பத்தொன்பது வருஷத்துல உங்களுக்கெல்லாம் எத்தனையோ பொய் எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்தவன் கையெழுத்து போட்டது இல்ல. ஒரு பொய் சொல்லித்தானே இந்த நெலமைக்கு வந்த? பைப்பு மேல குந்திக்கினு பைப்பு இல்லன்னியே, அப்ப எங்க போச்சி புத்தி? போ, போயி உன் கொழுந்தன்கிட்ட கேளு. வாய் தொறந்து கேளு."

"அவன் வாசல மிதிக்கறதுக்கு என் பயிரு காஞ்சே சாவட்டும்."

"சாவட்டும். எனக்கென்ன?"

எழுந்து போய்விட்டாள். கடிதம் மேசையிலேயே கிடந்தது. தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்கிற ஜாதி. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். முருகவேலும் என் மேசைக்கு வருகிறவர்தான். கோபி செத்த அடுத்த வருஷம் முதல் தடவை வந்தார். அதிலிருந்து வருஷா வருஷம், பையன் திதி முடிந்த முதல் திங்கட்கிழமை வருவார். ஒரே மனுதான். புளியமரத்து வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை, ரோட்டை அகலப்படுத்த வேண்டும். நான் பழைய மனுவைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுப்பேன், தேதியை மட்டும் மாற்றி. பத்து மனு இருக்கும். அவர் மனுவால்தான் ரோடு வந்தது என்று நான் நம்பவில்லை. பிளாட் வாங்கினவர்கள் கார் போக வந்த ரோடு அது. அவர் மட்டும் தன் மனுவால் வந்தது என்றுதான் நம்புகிறார். அதை நான் கெடுக்கவில்லை.

ஆக, ரோட்டைக் கேட்டதும் என் கை எழுதின மனுதான், ரோட்டுக்கு அடியில் பைப்பைக் கேட்பதும் என் கை எழுதின கடிதம்தான். இரண்டு பேரிடமும் கூலி வாங்கியிருக்கிறேன். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்காமல் தள்ளி வைத்தேன். போனை எடுத்து முருகவேலைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்க அண்ணி வந்திருந்தாங்க. பைப்பு உடஞ்சிபோச்சாம். கடிதத்துல உங்க கையெழுத்து வேணும். புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள."

 "எனக்கு அண்ணி யாரும் கெடயாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. அன்று நல்ல வெயில். ஆவணியில் இப்படி அடிக்கக் கூடாது. எனக்கு நிலமும் இல்லை, பயிரும் இல்லை. இருந்தும் அன்று முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். ஆதிலட்சுமி வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. இரண்டு நாளாக ரோட்டைத் தாண்டிக் குடத்தில் தண்ணீர் சுமந்து வரப்போரச் செடிகளுக்கு ஊற்றியிருக்கிறாள். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்தில் ஊற்றுகிறவளை என்ன சொல்வது? தோள்பட்டை கன்றிச் சிவந்திருந்தது. "அந்தப் பேப்பர குடு, நானே அந்தப் பொண்ணு கால்ல வுழுந்து குடுக்கறேன். ஒரு கையெழுத்து போதும்னு சொல்லிப் பாக்கறேன்" என்றாள். அவள் ஒருத்தர் காலில் விழுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்போது டிவிஎஸ் ஒன்று வந்து ஜெராக்ஸ் கடை ஓரம் நின்றது. முருகவேல் இறங்கினார். அறுபதை எட்டாதவர், எழுபது சொல்லலாம். அவளைப் பார்த்தும் பார்க்காதவராக என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கம்மா அந்தக் கடிதம்?"

நான் நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஆதிலட்சுமி மேசையின் அந்த ஓரத்தில் மரமாக நின்றாள். படித்து முடித்து, என்னைப் பார்த்தே பேசினார்.

"அந்தம்மாகிட்ட சொல்லு. இந்த ரோடு வேணும்னு மனு போட்டதே நாந்தான். பத்து வருஷமா போட்டேன். நீதான எழுதுன, சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி வெடித்தாள். "அப்பிடியா சேதி! எம்பூமிய காய வெக்கத்தான் ரோட்ட கொண்டாந்தியா? ஒரு தரம் காய வெச்சது பத்தலியா உனக்கு?"

"உன் பூமி எவனுக்கு வேணும்!" முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "எம்பையன் செத்த எடம் அது. இன்னொருத்தன் பையன் சாவக் கூடாதுன்னு போட்டேன். உன் ஒன்ற ஏக்கர நெனச்சிக்கினா நான் மனு போட்டேன்?"

ஜெராக்ஸ் கடைக்காரன் மிஷினை நிறுத்திவிட்டான். மனு கொடுக்க வந்த இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். நான் எழுந்து, "இங்க சண்டை வேணாம், ரெண்டு பேரும் போங்க" என்று கத்தினேன். என்னை யார் கேட்டார்கள்?

"தெரியும்டா தெரியும்!" ஆதிலட்சுமியின் குரல் கிழிந்தது. "நான் மண்ண தூத்துனேன், அதான் உம்பையன் செத்தான்னு நீயும் உன் பொண்டாட்டியும் ஊர் ஊரா சொன்னீங்க. அதுக்குத்தான் பழி வாங்கற. வாங்கிக்க. நாந்தான் கொன்னேன், வாங்கிக்க!"

அப்படி அவள் சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷமாக ஊர் சொன்னதை எல்லாம் அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பயந்தவள் இல்லை என்று தெருவில் நின்று கத்தினவள், வீட்டுக்குள் போய்ப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

முருகவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னா பெரிய சாமியா?" என்றார். "நீ ரெண்டு கை மண்ண தூத்துனா எம்பையன் செத்துப்பூடுவானா? அவ்வளோ சக்தி இருந்தா எங்கண்ணன காப்பாத்தியிருக்க வேண்டியதுதான? லாரிக்காரன் அடிச்சான், செத்தான். வளைவு தெரியல, செத்தான். இதுல உனக்கு ஒரு பங்கும் இல்ல. எல்லாத்துலயும் வந்து பங்கு கேக்காத."

அவர் குரலில் ஒரு துளி இரக்கம் இல்லை. அடிக்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு என் பேனாவைப் பிடுங்கி, கடிதத்தில் தன் பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். போடும்போது காகிதம் கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் பைப்பு இருந்தது நெசம். எங்கப்பனும் எங்கண்ணனும் நானும் சேந்துதான் பள்ளம் எடுத்தோம். இல்லன்னு பொய் சொல்ல எனக்கு வராது, அதான் போட்டேன். பேசறேன்னு அர்த்தம் இல்ல" என்றார் என்னிடம். பேனாவை மேசையில் வைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

ஆதிலட்சுமி கடிதத்தை எடுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, மணி மூன்றரை. அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணு கையில குடுக்கணும். கெளம்பு" என்றேன். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினாள்.

"ஏம்பா முருகவேலு."

அவர் நின்றார், திரும்பவில்லை.

"புள்ள..." என்றாள். மேசையை விட்டு இரண்டடி நகர்ந்து வந்து மறுபடி கேட்டாள். "புள்ள கடைசியா எதனா சொன்னானா?"

வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"தண்ணி கேட்டான்" என்றார். "குடுக்கக் கூடாதுன்னு ஆம்புலன்ஸ்காரன் சொல்லிட்டான். நானும் குடுக்கல."

போய்விட்டார்.

ஆதிலட்சுமி கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் அதை வாங்கிக்கொண்டதாக அறிவுமதி பிறகு சொன்னார். வியாழக்கிழமை காலை கிராவல் கொட்டுவதற்கு முன்னால் குறுக்கே பெரிய குழாயை இறக்கிவிட்டார்கள். அர்ஜுனன் வந்து அதற்குள் புதுப் பைப்பு விட்டு இணைத்தான்.

மறுநாள் அறிவுமதி ஒரு கோப்புக்காக வேங்கிக்கால் வந்தவர், கடிதம் எழுதினது யார் என்று விசாரித்து என் மேசைக்கு வந்து, டீக்கடை டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா நல்லாத்தான இருக்காங்க? நேத்து தண்ணி வந்ததும் வரப்புல போயி உக்காந்தாங்க. மடைய மாத்தவே இல்ல. ஒரே பாத்தியில பாஞ்சி, நெரம்பி, வழிஞ்சி, நாங்க கொட்டின கிராவல் வரைக்கும் வந்துடுச்சி. எங்க சூப்பர்வைசர் போயி, கெழவி, கண்ணு தெரியலயா, தண்ணிய நிறுத்துன்னு கன்னாபின்னான்னு கத்தறாரு. நான் பயந்துட்டேன், இன்னிக்கு இவரு செத்தாருன்னு."

"அக்கா என்ன திட்டினாங்க?"

"ஒண்ணுமே சொல்லலங்க. தண்ணியவே பாத்துக்கினு உக்காந்திருந்தாங்க."